கோப்புகளை அட்டவணையிடும் மென்பொருள்களும் உங்கள் தனியுரிமையும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோப்புகளை அட்டவணையிடும் மென்பொருள் என்பது என்ன? அது என் கணினியில் இருக்கிறதா?

பல ஆண்டுகளாகச் சேர்ந்த ஆவணங்களுக்கும் மின்னஞ்சல்களுக்கும் நடுவே ஒரு சொல்லைத் தேடும்போது, ஒவ்வொரு கோப்பையும் அந்த நேரத்தில் திறந்து படித்தால் விடை கிடைப்பதற்கு நெடுநேரம் ஆகும். அந்தத் தாமதத்தைத் தவிர்ப்பதற்காக, கணினிக்கு வேறு வேலை இல்லாத வேளைகளில் கோப்புகளை முன்கூட்டியே படித்து, எந்தச் சொல் எந்தக் கோப்பில் எங்கே வருகிறது என்பதை ஓர் அட்டவணையாகத் தனியே எழுதி வைத்துக்கொள்ளும் மென்பொருள் இது. புத்தகத்தின் இறுதியில் உள்ள சொல்லடைவைப் போன்றது எனலாம். ஆனால் சொல்லடைவைத் தொகுப்பவர் முக்கியமான சொற்களை மட்டும் தேர்ந்தெடுப்பார். இந்த மென்பொருளோ கண்ணில் படும் ஏறத்தாழ எல்லாச் சொற்களையும் எடுத்துக்கொள்ளும்.

உங்கள் கணினியிலும் இது அநேகமாக இருக்கும். விண்டோஸில் விண்டோஸ் சர்ச், மேக்கில் ஸ்பாட்லைட், லினக்ஸின் க்னோம் சூழலில் டிராக்கர் (அண்மைப் பதிப்புகளில் லோக்கல்சர்ச்), கேடிஇ சூழலில் பலூ என்னும் பெயர்களில் இது இயங்குகிறது. 2004 அக்டோபரில் கூகுள் டெஸ்க்டாப் வெளிவந்தபோது, வேண்டியவர்கள் அதைப் பதிவிறக்கி நிறுவிக்கொள்ள வேண்டியிருந்தது. அதாவது பயனர் தெரிந்தே ஒரு முடிவை எடுத்தார். 2005 ஏப்ரலில் மேக் ஓஎஸ் எக்ஸ் 10.4 பதிப்போடு ஸ்பாட்லைட்டும், அதன் பின்னர் விண்டோஸ் விஸ்டாவோடு விண்டோஸ் சர்ச்சும் இயங்குதளத்தின் அங்கமாகவே வந்துவிட்டதால், இன்று பெரும்பாலோர் அப்படியொரு முடிவை எடுத்ததே இல்லை.

கோப்புகள் ஏற்கெனவே என் கணினியில்தானே இருக்கின்றன? அட்டவணையால் புதிதாக என்ன ஆபத்து வந்துவிடும்?

எல்லாக் கேள்விகளுக்கும் அடிப்படையான கேள்வி இதுதான். அட்டவணை என்பது உங்கள் ஆவணங்களைப் பற்றிய வெறும் குறிப்பு என்று பலர் எண்ணுகிறார்கள். உண்மையில் அது ஆவணங்களின் இரண்டாவது பிரதிக்கு மிக நெருக்கமானது. ஒவ்வொரு சொல்லும் கோப்பில் எத்தனையாவது இடத்தில் வருகிறது என்பதையும் அட்டவணை குறித்து வைத்திருந்தால், அந்த இடங்களை வரிசைப்படுத்தி மூலத்தின் பெரும்பகுதியை மீண்டும் எழுதிவிடலாம். தேடல் முடிவுகளில் கோப்பின் பெயருக்குக் கீழே இரண்டு வரி காட்டுவதற்காகச் சில மென்பொருள்கள் உரையின் ஒரு பகுதியை அப்படியே சேமித்தும் வைக்கின்றன. ஆகவே மூலக் கோப்பை எவ்வளவு கவனமாகப் பாதுகாக்கிறீர்களோ, அட்டவணையையும் அதே அளவு கவனமாகப் பாதுகாக்க வேண்டும்.

இன்னொரு மாற்றமும் நிகழ்கிறது. சிதறிக் கிடந்தவை ஓரிடத்துக்கு வந்துவிடுகின்றன. வங்கிக் கணக்கு அறிக்கை ஒரு கோப்புறையிலும், மருத்துவப் பரிசோதனை முடிவு மின்னஞ்சலின் இணைப்பிலும், கடவுச்சொற்களை எழுதி வைத்த சிறு உரைக்கோப்பு மேசைத்திரையின் ஒரு மூலையிலும் கிடந்தவரை, அவற்றைக் கண்டுபிடிக்க விரும்பும் அயலாருக்கு நேரமும் பொறுமையும் தேவைப்பட்டன. அட்டவணை இருக்கும் கணினியில் 'கடவுச்சொல்' என்னும் ஒரே சொல்லைத் தட்டினால் போதும். தகவல்களைத் திருடும் மென்பொருளை எழுதுபவர்களுக்கும் இது தெரியும்.

கோப்பின் பெயரை மட்டும் படிக்கிறதா, உள்ளே இருப்பதையும் படிக்கிறதா?

மென்பொருளைப் பொறுத்தது. விண்டோஸில் பலர் விரும்பிப் பயன்படுத்தும் எவ்ரிதிங், யூனிக்ஸ் வழிவந்த லொக்கேட் ஆகியவை இயல்பாகக் கோப்புகளின் பெயர்களையும் அவை இருக்கும் இடங்களையும் மட்டுமே பட்டியலிடுகின்றன. விண்டோஸ் சர்ச்சும் ஸ்பாட்லைட்டும் உள்ளடக்கத்தைப் படிக்கின்றன. யார் எழுதியது, எப்போது திருத்தப்பட்டது, படம் எந்த இடத்தில் எடுக்கப்பட்டது போன்ற மேல்விவரங்களையும் சேர்த்துக்கொள்கின்றன. பெயர்ப் பட்டியல் மட்டும் என்றால் கவலை இல்லை என்று நினைத்துவிட வேண்டாம். 'ராஜினாமா கடிதம் இறுதி வடிவம்' என்னும் பெயரே சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறது.

ஒரு கோப்பை அழித்தால் அட்டவணையிலிருந்தும் அழிந்துவிடுமா?

தேடல் முடிவுகளிலிருந்து அது விரைவில் மறைந்துவிடும். வட்டிலிருந்து மறைந்துவிட்டது என்பதற்கு அது சான்றாகாது. கூகுள் டெஸ்க்டாப் தான் படித்த கோப்புகளின் பழைய பிரதிகளைத் தன்னிடம் வைத்திருந்ததால், மூலத்தை அழித்த பின்னும் அதன் உரையைத் தேடல் பக்கத்திலிருந்தே திறந்து படிக்க முடிந்தது. இன்றைய மென்பொருள்கள் அப்படி வெளிப்படையாகக் காட்டுவதில்லை. ஆனால் அட்டவணை ஒரு தரவுத்தளம். தரவுத்தளத்தில் ஒரு பதிவை நீக்கினால், அந்த இடம் 'காலி' என்று குறிக்கப்படுமே தவிர, அங்கே இருந்த எழுத்துகள் உடனே துடைக்கப்படுவதில்லை. விண்டோஸ் சர்ச் நீண்ட காலம் பயன்படுத்திய விண்டோஸ்.இடிபி என்னும் தரவுத்தளக் கோப்பைத் தடயவியல் ஆய்வாளர்கள் தேடிப்பிடித்துப் பிரித்துப் பார்ப்பதற்குக் காரணம் இதுவே. மூலக் கோப்பு போய்விட்ட பிறகும் அதன் பெயர், இருந்த இடம், சில வேளைகளில் உரையின் ஒரு பகுதி ஆகியவை அங்கே கிடைப்பதுண்டு. விண்டோஸ் 11 இல் அந்தக் கோப்பின் இடத்தில் எஸ்க்யூலைட் தரவுத்தளம் வந்திருக்கிறது. அதனால் இந்த இயல்பு மாறிவிடவில்லை.

மிக இரகசியமான ஓர் ஆவணத்தை அழித்தீர்களானால், அட்டவணையையும் முழுவதுமாக அழித்துப் புதிதாக உருவாக்கச் சொல்லுங்கள். எஸ்எஸ்டி வட்டுகளில் அழித்த தரவு உள்ளே எங்கேனும் தங்கியிருக்கக்கூடும் என்பதால், முழு வட்டையும் தொடக்கத்திலிருந்தே குறியாக்கம் செய்து (சாவி இல்லாதவர் படிக்க முடியாத வடிவுக்கு மாற்றி) வைப்பதுதான் நம்பத்தக்க காப்பு.

கடவுச்சொல் இட்ட கோப்புகளையும் குறியாக்கம் செய்த கோப்புகளையும் இது படிக்குமா?

திறப்பதற்கே கடவுச்சொல் தேவைப்படும் ஆவணத்தின் உள்ளடக்கத்தை அட்டவணையிடும் மென்பொருளால் படிக்க முடியாது. விண்டோஸில் குறியாக்கம் செய்த கோப்புகளை அட்டவணையில் சேர்ப்பதற்குத் தனியாக ஒரு தெரிவு இருக்கிறது. அது இயல்பாக அணைக்கப்பட்டிருக்கும், அப்படியே இருப்பது நல்லது. அதை இயக்கினால், பூட்டிய கோப்பின் சொற்கள் வேறோர் இடத்தில் எழுதப்படுகின்றன என்பதை நினைவில் கொள்ள வேண்டும்.

கவனிக்க வேண்டிய இடம் இன்னொன்று. குறியாக்கம் செய்த ஒரு கொள்கலத்தை (பல கோப்புகளை உள்ளே பூட்டி வைக்கும் ஒரே பெரிய கோப்பை)த் திறந்து வேலை செய்துகொண்டிருக்கும்போது, இயங்குதளத்தின் கண்ணுக்கு அது சாதாரண வட்டுதான். மேக்கில் கோப்புகளைத் திறக்காமலேயே முன்னோட்டம் காட்டும் க்விக் லுக் வசதி, குறியாக்கம் செய்த வட்டுகளில் இருந்த படங்களின் சிறு உருவங்களைக்கூடக் குறியாக்கம் இல்லாத தற்காலிகச் சேமிப்பில் போட்டு வைக்கிறது என்பதைப் பாதுகாப்பு ஆய்வாளர்கள் 2018 இல் விளக்கிக் காட்டினார்கள். பூட்டிய வட்டைக் கழற்றி எடுத்துச் சென்ற பிறகும் அதற்குள் இருந்த படங்கள் என்னவென்று அந்தக் கணினியில் பார்க்க முடிந்தது.

ஒரே கணினியைப் பலர் பயன்படுத்துகிறோம். மற்றவர்கள் என் கோப்புகளைத் தேடிவிட முடியுமா?

ஒவ்வொருவருக்கும் தனிப் பயனர் கணக்கு இருந்தால், தேடுபவருக்குத் திறக்க அனுமதி உள்ள கோப்புகளை மட்டுமே இயங்குதளம் முடிவுகளில் காட்டும். நிர்வாகி உரிமை உள்ளவருக்கு அந்தத் தடை உண்மையான தடை ஆகாது. தரவுத்தளக் கோப்பையே அவர் பிரதி எடுத்துவிட முடியும்.

எல்லோரும் ஒரே கணக்கில் நுழைகிறீர்கள் என்றால் நிலைமை வேறு. தேடல் பெட்டி ஒவ்வோர் எழுத்துக்கும் முடிவுகளை மாற்றிக் காட்டுகிறது என்பதை எண்ணிப் பாருங்கள். வீட்டில் ஒருவர் 'மருதாணி' வடிவங்களைச் சேமித்து வைத்த கோப்பைத் தேடுவதற்காக 'மரு' வரை தட்டியிருப்பார். அதற்குள் இன்னொருவர் யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்த 'மருத்துவமனை அறிக்கை' பட்டியலின் தலையில் வந்து நிற்கும். யாரும் வேவு பார்க்கவில்லை, யாரும் தவறு செய்யவில்லை. ஆயினும் சொல்ல வேண்டியவர் தாமே நேரம் பார்த்துச் சொல்லும் உரிமையை இழந்துவிட்டார். கூகுள் டெஸ்க்டாப்பின் தொடக்கப் பதிப்பு, பார்த்த இணையப் பக்கங்களையும், பாதுகாப்பான இணைப்பில் திறந்த பக்கங்கள் உட்பட, சேமித்து வைத்ததால், பொதுக் கணினிகளில் ஒருவர் படித்த மின்னஞ்சலை அடுத்து வந்தவர் தேடி எடுக்கக்கூடிய நிலை இருந்தது. பொதுக் கணினிகளைப் பராமரிப்பவர்கள் உள்ளடக்க அட்டவணையை நிறுத்தி வைப்பதைத் தங்கள் கடமையாகக் கொள்ள வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

அட்டவணையோ தேடும் சொற்களோ என் கணினியை விட்டு வெளியே போகின்றனவா?

அட்டவணை வெளியே போவது வேறு, தேடும் சொல் வெளியே போவது வேறு. இரண்டும் நடந்திருக்கின்றன.

முதலாவதற்கு எடுத்துக்காட்டு, 2006 பிப்ரவரியில் வந்த கூகுள் டெஸ்க்டாப் 3. ஒருவரின் பல கணினிகளுக்கிடையே தேடும் வசதி அதில் சேர்க்கப்பட்டது. பயனர் அதை இயக்கினால், அவருடைய ஆவணங்களின் உரை கூகுளின் சர்வர்களுக்குப் பிரதி எடுக்கப்பட்டு, அதிகபட்சம் 30 நாள் வரை அங்கே இருக்கும். வசதி இயல்பாக அணைக்கப்பட்டுத்தான் இருந்தது. ஆயினும் எலக்ட்ரானிக் ஃபிரான்டியர் ஃபவுண்டேஷன் என்னும் அமெரிக்க உரிமை அமைப்பு, இதைப் பயன்படுத்த வேண்டாம் என்று உடனே எச்சரித்தது. வீட்டில் உள்ள கணினியைச் சோதிக்க நீதிமன்ற ஆணை தேவைப்படும்போது, சேவை நிறுவனத்தின் சர்வரில் இருக்கும் பிரதிக்கு அமெரிக்காவின் 1986 ஆம் ஆண்டு மின்னணுத் தகவல்தொடர்புத் தனியுரிமைச் சட்டம் அதைவிடக் குறைந்த பாதுகாப்பையே அளிக்கிறது என்பது அவர்கள் எடுத்துக்காட்டிய காரணம். கோப்பில் ஓர் எழுத்தும் மாறாமலே, அது இருக்கும் இடம் மாறியதால் அதன் சட்ட நிலை மாறிவிடுகிறது. கூகுள் டெஸ்க்டாப் 2011 செப்டம்பரில் நிறுத்தப்பட்டுவிட்டது. அந்த எச்சரிக்கை இன்றைய கிளவுட் சேவைகளுக்கும் பொருந்துகிறது.

இரண்டாவது வகை இன்னும் பரவலானது. 2012 அக்டோபரில் வெளிவந்த உபுண்டு 12.10, பயனர் தம் கணினிக்குள் தேடுவதற்காகத் தட்டிய சொற்களைத் தன் நிறுவனத்தின் சர்வருக்கும் அனுப்பி, அமேசான் பொருள்களை முடிவுகளோடு காட்டியது. கட்டற்ற மென்பொருள் இயக்கத்தின் ரிச்சர்ட் ஸ்டால்மன் அதை வேவு மென்பொருள் என்றே கண்டித்தார். 2016 இல் வந்த 16.04 பதிப்பில்தான் அது இயல்பாக அணைக்கப்பட்டது. 2014 அக்டோபரில் மேக்கின் யோசெமிட்டி பதிப்பில், ஸ்பாட்லைட்டில் தட்டும் சொற்களும் தோராயமான இருப்பிடமும் ஆப்பிளுக்குச் செல்வது தெரியவந்து கேள்விகள் எழுந்தன. விண்டோஸின் தொடக்கப் பட்டியில் தட்டும் சொற்களும், இணையத் தேடலை நிறுத்தி வைக்காவிட்டால், மைக்ரோசாஃப்டின் தேடுபொறியான பிங்கிற்குப் போகின்றன. தன் மேசைக்குள் ஒரு காகிதத்தைத் தேடுபவர், அதன் பெயரை வெளியில் உள்ள ஒரு நிறுவனத்திடம் சொல்லிவிட்டுத் தேட வேண்டியதில்லை. கணினிக்குள் தேடுவதற்கும் இணையத்தில் தேடுவதற்கும் ஒரே பெட்டியை வைத்தது தவறான வடிவமைப்பு என்றே நான் கருதுகிறேன்.

எதுவும் வெளியே போகவில்லை என்று உறுதிசெய்துகொண்டால் கவலை இல்லை அல்லவா?

பெரும்பகுதிக் கவலை தீரும், முழுவதும் தீராது. எல்லாக் கோப்புகளையும் படிக்கும் அதிகாரம் பெற்ற நிரலில் ஒரு சிறு ஓட்டை இருந்தாலும் அதன் விளைவு பெரிது. 2004 டிசம்பரில் அமெரிக்காவின் ரைஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், கூகுள் டெஸ்க்டாப் தன் உள்ளூர் முடிவுகளை இணையத் தேடல் பக்கத்தோடு ஒட்டிக் காட்டும் விதத்தைப் பயன்படுத்தி, ஒரு தீய இணையதளம் அந்த முடிவுகளில் தெரியும் வரிகளைப் படித்துவிடலாம் என்று கண்டறிந்தார்கள். அது சரிசெய்யப்பட்டது. இருபது ஆண்டுகள் கழித்தும் அதே வகைச் சிக்கல் வருகிறது: ஸ்பாட்லைட் புதிய கோப்பு வகைகளைப் படிப்பதற்குப் பயன்படுத்தும் செருகுநிரல்கள் வழியாக, பயனரின் அனுமதி தேவைப்படும் தரவுகளையும் எடுத்துவிடும் ஓட்டை ஒன்றை மைக்ரோசாஃப்ட் ஆய்வாளர்கள் கண்டறிந்து தெரிவிக்க, ஆப்பிள் அதை 2025 மார்ச்சில் அடைத்தது. இயங்குதளப் புதுப்பிப்புகளைத் தள்ளிப்போடாதீர்கள் என்று சொல்வதற்கு இதைவிட நேரான காரணம் இல்லை.

பென் டிரைவ், வெளிவட்டு ஆகியவற்றையும் இது அட்டவணையிடுமா?

மேக் செய்யும். பென் டிரைவைச் செருகியதும், புள்ளியில் தொடங்கும் 'ஸ்பாட்லைட்-வி100' என்னும் மறைகோப்புறை அந்த டிரைவிலேயே உருவாகிவிடுவது வழக்கம். மறைந்த கோப்புகளையும் காட்டச் சொன்னால் அதைப் பார்க்கலாம். ஆவணங்களை அழித்துவிட்டு டிரைவை மட்டும் வேறொருவரிடம் கொடுத்தால், அந்த ஆவணங்களைப் பற்றிய அட்டவணையும் கூடவே போகிறது. கைமாறும் டிரைவை முழுவதுமாக ஃபார்மேட் செய்த பிறகே கொடுங்கள்.

திரையையே படம் எடுத்து வைக்கும் 'ரீகால்' இதைச் சேர்ந்ததுதானா?

ஆம், அட்டவணையிடுதலின் எல்லையை அது வெகுதூரம் தள்ளிவிட்டது. 2024 மே 20 அன்று மைக்ரோசாஃப்ட் அறிவித்த ரீகால், சில வினாடிகளுக்கு ஒருமுறை திரையைப் படம் பிடித்து, படத்தில் உள்ள எழுத்துகளைப் பிரித்தெடுத்து, பின்னர் தேடுவதற்கு வைத்துக்கொள்ளும். நீங்கள் சேமித்த கோப்புகளை மட்டும் படித்த மென்பொருள்கள் போய், கண்ணால் பார்த்துவிட்டு மூடிய பக்கங்களையும் பதிவு செய்யும் மென்பொருள் வந்தது. முதல் வடிவத்தில் அந்த உரை, பயனர் உள்நுழைந்திருக்கும்போது எந்த நிரலும் படிக்கக்கூடிய சாதாரண எஸ்க்யூலைட் கோப்பாக இருந்தது என்பதைப் பாதுகாப்பு வல்லுநர்கள் சில நாள்களிலேயே காட்டினார்கள். அதை உருவி எடுக்கும் ஒரு சிறு நிரலும் வெளியானது. எதிர்ப்பு வலுத்ததால் வெளியீடு தள்ளிப்போயிற்று. 2025 ஏப்ரலில் வந்த வடிவத்தில், பயனர் தாமாக இயக்கினால் மட்டுமே அது வேலை செய்கிறது; தரவு குறியாக்கம் செய்யப்படுகிறது; திறப்பதற்கு விண்டோஸ் ஹலோ (முகம், கைரேகை அல்லது பின் எண்ணால் ஆளை அறியும் வசதி) மூலம் ஆளை உறுதிசெய்ய வேண்டும்.

பாதுகாப்பு உண்மையாகவே மேம்பட்டிருக்கிறது. ஆனால் எதிர்முனையில் இருப்பவரின் சம்மதம் என்னும் கேள்விக்கு இந்த மேம்பாடு எதிலும் பதில் இல்லை. குறிப்பிட்ட நேரத்தில் தானாக மறையும்படி ஒருவர் உங்களுக்கு அனுப்பிய செய்தி, உங்கள் கணினியில் படமாகத் தங்கிவிடக்கூடும். அவருக்கு அது தெரியவும் வழியில்லை. இதனால்தான் சிக்னல் செயலி 2025 மே மாதத்தில், விண்டோஸ் 11 இல் தன் சாளரத்தை யாரும் படம் பிடிக்க முடியாதபடி தடுக்கும் வசதியை இயல்பாகவே இயக்கியது.

செயற்கை நுண்ணறிவு உதவிகள் ஆவணங்களை எண்களாக மாற்றித்தான் வைக்கின்றன என்கிறார்களே, அப்படியானால் பாதுகாப்புதானே?

இல்லை. பொருள் அடிப்படையில் தேடுவதற்காக உரையின் ஒவ்வொரு பகுதியும் நீண்ட எண்வரிசையாக மாற்றப்படுவது உண்மை. அந்த எண்களிலிருந்து மூல உரையை மீட்க முடியுமா என்று சோதித்து 2023 இல் வெளிவந்த ஓர் ஆய்வில், 32 டோக்கன் (சொல் அல்லது சொல்லின் துண்டு) நீளமுள்ள உரைத் துணுக்குகளில் 92 விழுக்காட்டை எழுத்துக்கு எழுத்து அப்படியே மீட்டிருக்கிறார்கள். எண்வரிசையையும் மூல ஆவணமாகவே கருதிப் பாதுகாக்க வேண்டும்.

அலுவலகக் கணினியில் என் சொந்தக் கோப்புகளை வைத்திருக்கலாமா?

வைக்காதீர்கள். அந்தக் கணினியின் நிர்வாகி உரிமை நிறுவனத்திடம் இருக்கிறது. மறுதிசையிலும் ஒரு பொறுப்பு உண்டு: வழக்கறிஞர்கள், மருத்துவர்கள், ஆசிரியர்கள், இதழாளர்கள் ஆகியோர் பிறருடைய இரகசியங்களைத் தங்கள் சொந்த லேப்டாப்பில் வைத்திருக்கும்போது, எந்தக் கோப்புறைகள் அட்டவணைக்குள் போகின்றன என்பதைத் தெரிந்துவைத்திருப்பது அவர்களுடைய தொழில்முறைக் கடமையின் பகுதி.

சரி, நான் செய்ய வேண்டியவை என்ன?

முதல் வேலை, முழு வட்டுக் குறியாக்கத்தை இயக்குவது: விண்டோஸில் பிட்லாக்கர், மேக்கில் ஃபைல்வால்ட். லேப்டாப் தொலைந்தால் ஆவணங்களையும் அட்டவணையையும் ஒருசேரக் காப்பது அதுவே. மீட்புச் சாவியைக் கணினிக்கு வெளியே ஓர் இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டாவது, கணினியைப் பயன்படுத்தும் ஒவ்வொருவருக்கும் தனிக் கணக்கு.

அடுத்து, இரகசியமான கோப்புறைகளை விலக்குவது. விண்டோஸின் அமைப்புகளில், தனியுரிமைப் பகுதியின் கீழ் உள்ள தேடல் பக்கத்தில், விலக்க வேண்டிய கோப்புறைகளைச் சேர்க்கலாம். அங்கே 'கிளாசிக்', 'என்ஹான்ஸ்டு' என்று இரண்டு நிலைகள் இருக்கும். 'என்ஹான்ஸ்டு' நிலை கணினி முழுவதையும் படிக்கும் என்பதால், தேவையில்லாமல் அதைத் தெரிவு செய்ய வேண்டாம். கிளவுட் உள்ளடக்கத் தேடலையும் தேடல் வரலாற்றையும் நிறுத்தும் பொத்தான்களும் அதே பகுதியில்தான் இருக்கின்றன. மேக்கில், சிஸ்டம் செட்டிங்ஸின் ஸ்பாட்லைட் பக்கத்தில் உள்ள தனியுரிமைப் பட்டியலில் கோப்புறையையோ வட்டையோ சேர்த்தால் போதும். க்னோமிலும் கேடிஇயிலும் அமைப்புகளின் தேடல் பகுதியில் எந்த இடங்களைப் படிக்கலாம் என்பதைத் தீர்மானிக்கலாம். விண்டோஸில் ஏற்கெனவே எழுதப்பட்டதன் எச்சம் தங்கிவிடாமல் இருக்க, விலக்கிய பிறகு 'இண்டெக்ஸிங் ஆப்ஷன்ஸ்' சாளரத்தின் மேம்பட்ட பகுதிக்குச் சென்று, 'ரீபில்டு' பொத்தானை அழுத்தி அட்டவணையை மறுபடி உருவாக்குங்கள்.

அட்டவணையை முழுவதுமாக நிறுத்திவிட்டால் என்ன இழப்பு?

தேடல் வேகம் குறையும். பெரிய வட்டில் உள்ளடக்கத்தைத் தேடுவது மிகவும் மெதுவாகும். விண்டோஸில் அவுட்லுக் போன்ற மின்னஞ்சல் நிரல்களின் தேடலும் இந்த அட்டவணையையே நம்பியிருப்பதால் அதுவும் பாதிக்கப்படும். கோப்புகளுக்கு ஒன்றும் ஆகாது. பார்வைக் குறைபாடு உள்ளவர்களுக்கும், ஆயிரக்கணக்கான ஆவணங்களோடு வேலை செய்பவர்களுக்கும் இந்த வசதி இன்றியமையாதது என்பதால், எல்லோரும் நிறுத்திவிட வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். அன்றாட வேலைக்குரிய இரண்டு மூன்று கோப்புறைகளை மட்டும் அட்டவணையில் வைத்து, மற்றவற்றை விலக்கிவிடுவது பெரும்பாலோருக்குப் போதுமானதாக இருக்கும். ஆறு மாதத்துக்கு ஒருமுறையும், ஒவ்வொரு பெரிய இயங்குதளப் புதுப்பிப்புக்குப் பிறகும் அந்த அமைப்புகளைத் திறந்து பாருங்கள். புதிய பதிப்பு புதிய தேடல் வசதிகளை இயக்கிய நிலையிலேயே கொண்டுவரக்கூடும்.